செம்மறிகளுக்குள் ஓடிய நாய்

கிளென் ஈடன்
27.04.1996

அன்புள்ள உமக்கு,

மகளும் குழந்தையும் சுகம் என்று அறிந்து நிம்மதி. பிள்ளைப்பேறு பார்க்கப் போன நீர் அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே இலைகள் பழுத்துக் கொட்டுகின்றன. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? வழக்கம்போல் செவ்வாய்க்கிழமையும் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹெலன்ஸ்வில் பக்கம் போனேன். நடக்கும்போது அது கயிற்றை உருவிக்கொண்டு, வேலிக்குள் நின்ற செம்மறிகளை நோக்கிப் பாய்ந்துவிட்டது. பண்ணைக்காரன் துவக்கோடு வந்தான்.

"நாயைக் கூப்பிடு, இல்லாட்டிச் சுடுவன்" என்று ஆங்கிலத்தில் கத்தினான்.

வாயைத் திறந்தேன். ஒன்பது வருடமாகக் கூப்பிட்ட பெயர் வரவில்லை. அவன் துவக்கை உயர்த்திவிட்டான்.

"இஞ்சாரும்!" என்று கத்தினேன்.

வீட்டில் நான் உம்மை அப்படிக் கூப்பிட்டால், உமக்கு முன்னே ஓடி வருவது அதுதானே. காதை மடித்துக்கொண்டு ஓடி வந்து என் காலடியில் படுத்தது.

பயத்தில் மறந்திருப்பேன் என்றுதான் நினைத்தேன். இன்று சனிக்கிழமை. கழுத்துப்பட்டியைப் புரட்டிப் பார்த்தேன், மாநகரசபைப் பதிவு இலக்கம் மட்டும்தான் இருக்கிறது.

மகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நீரும் என்னை ஒன்றும் கேட்க வேண்டாம். பதில் எழுதும்போது நாயையும் சுகம் விசாரியும். பெயர் சொல்லி விசாரியும்.

இப்படிக்கு,
உமது 'இஞ்சாருங்கோ'