ஓடும்போது நீங்கள் சொன்னது

என் மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈர விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறேன்; உடம்புக்கு என்ன குறை?

போன வாரம் ஒரு வேடிக்கை. கூட வேலை செய்பவள் ஒரு நாவலை நீட்டினாள். "உங்க ஊர்ச் சண்டையைப் பத்திதான். எவ்வளவு அழகா எழுதியிருக்கான், அழுதுட்டேன்!" என்றாள். நம் ஊரை இரண்டு வாரம் சுற்றிப் பார்த்தவன் எழுதியதாம். அதில், ஆயுதக்காரர்கள் மகனை இழுத்துப் போகும்போது தாய் வாசலிலேயே மயங்கி விழுகிறாள்.

நீங்கள் விழவில்லையே அம்மா! அண்ணனின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அவர்களைத் திட்டியபடி லாரிக்குப் பின்னால் ஓடினீர்கள்; தெருவே பார்த்துச் சொன்னது.

"இது பொய்" என்றேன்.

"கதைதானே, விடு" என்றாள்.

அன்றே ஒரு நோட்டு வாங்கி நானும் நாவல் எழுத ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

அண்ணனின் போட்டோ ஒன்று அனுப்புங்கள். பதிலை நீளமாகவே எழுதுங்கள். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு வெகுநாளாயிற்று. அன்று அவர்களை என்னவென்று திட்டினீர்கள்? கெட்ட வார்த்தையானாலும் விடாமல் எழுதுங்கள். இருபது வயதில் நான் கட்டிலுக்கடியில் கிடந்தேன். உங்கள் கால்கள் ஓடியதைப் பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டேன்.

வேலைக்கு மணியடித்துவிட்டது.

உங்கள் இளையவன்