சித்திரையில ஊத்துன பத்துக் குடம்

ஏங்க,

இட்லி சட்டியிலயே இருக்கு, சட்னி ஃப்ரிட்ஜ்ல. பத்து மணிக்குச் செல்லத்துரை அண்ணாச்சி கடப்பாரையோட வருவாவ. நான்தான் கூப்பிட்டேன். அவியகிட்ட சண்டைக்கு நிக்காதீங்க.

முன்வாசல்ல விரிச்ச பிளாஸ்டிக் புல்லைச் சுருட்டி வச்சிட்டு, அடியில ஒரு முழம் கரிசலைத் தோண்டி, ஓட்டை போட்ட குழாயைத் தெரு ஓடைக்குச் சரிவாப் பதிச்சு, மேல சரளை கொட்டுவாவ. மழை விட்டு மூணு நாளாச்சு, புல்லு இன்னும் சொதசொதன்னு கெடக்கு. இப்பவும் மேகம் கூடுது. எனக்கு இருப்புக் கொள்ளல.

வாஷிங் மெஷின் தண்ணிதான் காரணம்னு நேத்து என்னை ஏசுனீங்கள்லா? அது இல்ல. புல்லு விரிக்குமுன்ன, சித்திரையில தண்ணி இறங்குதான்னு நீங்க பத்துக் குடம் ஊத்திப் பாத்தீங்களே, அம்புட்டையும் குடிச்சது மண்ணுல கெடந்த வெடிப்பு. மழையில கரிசல் ஊறி வெடிப்பு மூடிருச்சு. இனி சொட்டுத் தண்ணி இறங்காது.

நாகலாபுரத்துக் கரிசக்காட்டுல வளந்தவளுக்கு இது அன்னைக்கே தெரியும். வேலை போன பெறவு நீங்க அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. வாயத் தொறக்க மனசு வரல.

சுதா

வாசல் கேட் சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு.

அண்ணாச்சிகிட்ட இது உங்க யோசனைன்னுதான் சொல்லியிருக்கேன். காட்டிக்கொடுத்துராதீங்க.