வயிறு புடைத்த வெட்ஜ்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் மணல்குழி. எத்தனை தடவை அடித்தும் பந்து வெளியே வரவில்லை. மணல்தான் என் வாய்க்குள் வந்தது. நாத்தனார் குழியின் விளிம்பில் குடையோடு நின்று, "அண்ணி, புதையல் ஏதாவது கிடைச்சா எனக்குப் பாதி" என்றாள். என் கணவரின் தங்கை. அந்த வாய் குடும்பச் சொத்து. கோல்ஃப் ஜோடி ஆட்டத்தில் இருவருக்கும் ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அவள் அடித்து மணலில் போடுவாள். வெளியே எடுப்பது என் தலையெழுத்து. போடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காரில் திரும்பும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பல் டாக்டரம்மாவுக்கு இருபத்திரண்டாம் தேதி ஜோடிப் போட்டிக்கு ஆள் கிடைக்கலையாம்."

"பல்லு நல்லா பிடுங்குவாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் கணவர் காலமான மறு வருடத்திலிருந்து நாங்கள் இருவரும்தான் ஜோடி. என்னைக் கழற்றி விடுவாளா? விடுவாள்.

மார்ச் 5, வியாழன்

குற்றம் மட்டையுடையது. புது வெட்ஜ் வாங்கினேன், மணல்குழிக்கென்றே உள்ள மட்டை.

மணலிலிருந்து பந்து வர மாட்டேன் என்கிறது என்றதும் கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று கண்ணாடிபோல் குரோம் பூச்சு, அடிப்பாகம் கத்தி மாதிரி மெலிசு. மற்றது பூச்சே இல்லாத வெறும் இரும்பு, அடிவயிறு புடைத்தது. அந்தப் புடைப்பைத்தான் பவுன்ஸ் என்கிறார்கள், பாகைக் கணக்கு. மெலிசுக்கு ஆறு, தடிச்சிக்குப் பதினான்கு.

"மேடம், உங்களுக்கு இதுதான் தோதா இருக்கும். துருப்பிடிக்கும், ஆனா வெயில்ல கண்ணு கூசாது" என்று தடிச்சியை நீட்டினார்.

உங்களுக்கு என்றால்? எனக்கு எழுபத்து நான்குதான். தவிர, நான் படித்த கான்வென்டில் காலணியில் முகம் தெரியாவிட்டால் சிஸ்டர் வரிசையை விட்டு வெளியே நிறுத்துவார். துருப்பிடிக்கும் சாமானைக் காசு கொடுத்து வாங்குவேனா! மெலிசையே கட்டித் தரச் சொன்னேன்.

மார்ச் 7, சனி

அழகாக மின்னியது. மணலில் ஆணிபோல் இறங்கி நின்றது. கண் வேறு கூசிற்று. நாத்தனார் கிண்டல்கூடச் செய்யவில்லை — அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

மாவு டப்பாவைத் திறந்து கத்தியைச் சாய்த்துத் தள்ளினேன். நேரே உள்ளே போயிற்று. கரண்டியின் முதுகால் தள்ளினேன். வழுக்கி மேலே வந்தது, முன்னாலிருந்த மாவையெல்லாம் வாரிக்கொண்டு. திரும்பவும் கத்தி. திரும்பவும் கரண்டி.

மருமகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அத்தை, என்ன பண்றீங்க?"

"கோல்ஃப்."

"மாவுலயா?"

மேடையைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். மணலுக்கு வயிறுதான் வேண்டும். கடைக்காரர் என் வயதைச் சொல்லவே இல்லை, மணலைச் சொல்லியிருக்கிறார். நானாக ஏன் அப்படி எடுத்துக்கொண்டேன்?

மார்ச் 11, புதன்

தடிச்சி வந்துவிட்டாள். கடைக்காரர் சிரிக்கவில்லை. சிரிக்காததற்காகவே ஒரு கையுறையும் வாங்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு

நாலு நாளாகத் தனியாகப் பயிற்சி. பந்தை விட்டு, அதற்குப் பின்னால் மணலை அடிக்க வேண்டும். வயிறு வழுக்கிப் போக, மணலோடு பந்தும் கிளம்புகிறது. எவ்வளவு மரியாதையாகக் கிளம்புகிறது!

மட்டையில் செம்புள்ளிகள். என் வீட்டில் துரு! தேய்க்க இரும்பு நாரைக் கையில் எடுத்தேன்.

"துருப்பிடிக்கும்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க அத்தை?"

நாரை வைத்துவிட்டேன். வைக்க மனமே வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பெயர் கொடுக்க நாளை கடைசி நாள். நாத்தனாரைக் கையோடு மணல்குழிக்கு இழுத்துப் போனேன். அடித்துக் காட்டினேன். பந்து புல்லில் போய் உட்கார்ந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

"என்ன அண்ணி, மட்டை துருப்பிடிச்சிருக்கு! உங்க கையிலயா?"

"அதை விடு. யார் பேரைக் கொடுக்கப்போறே?"

குடையை விரித்தாள், மடக்கினாள். "உங்க பேரைத்தான். ஏன், வேற யாரு இருக்கா எனக்கு?"

பொய். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

போட்டி. வழக்கம்போல் அவள் மணலில் போட்டாள். ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். கடைசிக் குழியில் எதிர் ஜோடியோடு சமநிலை. மணலிலிருந்து நான் அடித்த பந்து உருண்டுபோய்க் குழிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. தட்டினால் உள்ளே.

அவள் தட்டினாள். வெளியே.

தோற்றோம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 23, திங்கள்

காலையிலேயே பல் டாக்டரம்மா ஃபோன் செய்தார்: அடுத்த போட்டிக்கு அவரோடு ஆட முடியுமா? நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். இது நாத்தனாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பத்து மணிக்கு அவளே வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, கொஞ்சம் கடைக்கு வர்றீங்களா? எனக்கு ஒரு பட்டர் மட்டை பார்க்கணும், நேத்து மாதிரி தட்டி வெளியே விடாததா. எதை எடுக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

நிதானமாகத் தலை வாரினேன். கொஞ்சம் காத்திருக்கட்டும்.