பாதிப் பெயருக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்

இன்று காலை குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பின்வரிசைச் சாக்கடை ஓரமாக யாரோ நடந்து போனார்கள். போன காலில் எதையோ மிதித்திருக்க வேண்டும், குப்பென்று கஞ்சாங்கோரை வாசம் வந்தது. துளசியும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாசம், உனக்குத் தெரியாததா. தானாக முளைத்திருக்கிறது சனியன். துணியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

நீ போன பிறகு எனக்குக் கோபம் கூடிவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். கூடாமல் என்ன செய்யும்? ஜப்பான்காரன் கையைத் தூக்கிவிட்டான், வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லாரும் பழையபடி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நீ மட்டும் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டியதை யாரிடம் போய்ச் சொல்வேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நீ பேசினால் எனக்குக் கேட்கும், எனக்கு மட்டுமா, வரிசைக்கே கேட்கும். காப்பார் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நீ. ஒரு மர நிரையில் நின்று அடுத்த நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "மெதுவா பேசேன்டி" என்றால், "நான் என்ன திருடிட்டா பேசுறேன்?" என்பாய். அந்த ஒரு குணம் உனக்கு. ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லாதவள் நீ.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் உன் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோய்விட்டார்கள். எஞ்சினில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த மனிதர், சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுத்துக்கொள்ள விடவில்லை. உன் மகள் மல்லிகா அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள், பால்குடி இன்னும் மறக்கவில்லை. அரிசி கிடையாது. மரவள்ளிக்கிழங்கு, கிழங்கு தீர்ந்தால் அதன் இலை. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஓர் இருமல். இருமி இருமி நீலம் பாரித்துப்போகும். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நீ காப்பாருக்குப் போய் உன் அம்மாவிடமிருந்து ஒரு செடியைப் பால் டின்னில் வைத்துக்கொண்டு வந்தாய். இலையை வாட்டி, கசக்கிச் சாறு பிழிந்து, தேன் ஏது, தாய்ப்பாலில் கலந்து ஊட்டினாய். இருமல் தணிந்தது. நான் பார்த்தேன்.

அந்தச் செடிதான் கஞ்சாங்கோரை. நாய்த்துளசி என்று சொல்கிறவர்களும் உண்டு. நீ நாய்த்துளசி என்று சொல்லிப் பழகியிருக்கக் கூடாதா!

அந்த நாட்களில் வாசகசாலையில் சாயங்காலமானால் ஒரே பேச்சுத்தான். கள் கிடைக்கவில்லை, சுருட்டுக்குப் புகையிலை இல்லை, வயிறு காய்ந்த பையன்கள் சிலர் கஞ்சா பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பெரிய கிராணிக்கு அது போதாதா? ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவர், பெயரைச் சொல்லாமல் பெரிய கிராணி என்றே எல்லாரும் கூப்பிடுவோம். "கஞ்சா நம்ம இனத்தையே அழிச்சிடும். ஒரு செடி இருந்தாலும் புடுங்கணும், வெச்சிருக்கிறவன போலீஸ்ல கொடுக்கணும்" என்று மேசையைத் தட்டுவார். மனிதர் சொன்னதில் பாதி நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த வரிசைப் பையன் ஒருவன் புத்தி பேதலித்துத் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீ சும்மா இருப்பாயா? பெண்கள் நிற்கிற ஜன்னல் பக்கத்திலிருந்து கேட்டாய்.

"ஐயா, முனையில சண்டுக் கடை இருக்கே, அபினு விக்கிறாங்களே, அத எப்ப புடுங்கப் போறீங்க?"

கூட்டம் சிரித்துவிட்டது. பெரிய கிராணிக்கு முகம் கறுத்துப்போயிற்று.

"அது லைசென்ஸ் கடைம்மா. அரசாங்கம் நடத்துறது."

"அப்ப கஞ்சாவுக்கும் ஒரு பலகை மாட்டிட்டா நல்லதாயிடுமா? வெள்ளக்காரன் வித்தான், இப்ப ஜப்பான்காரன் விக்கிறான். காசு அவனுக்குப் போனா மருந்து, போகலன்னா விஷம். நல்லா இருக்குலா உங்க நியாயம்!"

நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாய். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பத்து பேர் எதிரில் ஒரு பெண் கேட்டு வாயடைத்துப்போன ஆண்பிள்ளை அதை மறக்கமாட்டான்.

அந்த வாரமே நடந்தது. என் மகனுக்கு இருமல் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நீ வேலிப் பக்கம் நின்றுகொண்டு, உன் தொண்டையில், "அடியே, கஞ்சாங்கோரை நல்லா தழைச்சிருக்கு, வேண்டியத பறிச்சிக்க, மிச்சத்த காய வெக்கப் போறேன்!" என்று கத்தினாய். பெரிய கிராணி அப்போது தெருவில் குடையை ஊன்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார். போய்விட்டார்.

மறுநாள் காலை போலீஸ்காரர்கள் வந்தார்கள். "கஞ்சா எங்கே?" என்றார்கள். நீ பயந்தாயா? பயந்திருந்தாலாவது தப்பித்திருப்பாய். நீ சிரித்தாய்! "கஞ்சாவா? எங்க வீட்டுல கஞ்சாங்கோரைதான் இருக்கு, வாங்க" என்று நீயே பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். பால் டின்னைத் தூக்கிக் கையில் கொடுத்தாய். முறத்தில் காய வைத்திருந்த இலையையும் காட்டினாய். வந்த மூன்று பேரில் ஒருவனுக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் காதில் விழுந்தது ஒரே சொல். அந்தச் சொல் மலாயிலும் அதேதானே.

மல்லிகாவை என் இடுப்பில் மாற்றிவிட்டு, "தோ வந்துர்றேன்டி, அங்க தமிழ் தெரிஞ்சவங்க இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

இருந்தான், தமிழ் தெரிந்தவன். இன்டர்பிரட்டர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஜப்பான் பாஷை நாலு வார்த்தை கற்றுக்கொண்டு உத்தியோகத்தில் உட்கார்ந்துவிட்டான். செடிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? நீ கஞ்சாங்கோரை, கஞ்சாங்கோரை என்று சொல்லச் சொல்ல, ஒத்துக்கொள்கிறாள் என்று அவன் மாற்றிச் சொல்லியிருக்கிறான். கோரை என்றால் என்ன என்று மேலதிகாரி கேட்டதற்கு, கஞ்சாவில் அது ஒரு ரகம் என்று சொன்னானாம்! பாவி, தெரியாது என்று சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. நீ சத்தமாகப் பேசப் பேச அடி விழுந்திருக்கிறது. பூட்ஸ் காலால் வயிற்றில் உதைத்திருக்கிறார்கள். நான் ஸ்டேஷனுக்கு வெளியே மல்லிகாவோடு நின்றேன். பால் கேட்டுக் கத்தினாள் அவள். அந்தக் கத்தல் உனக்கு உள்ளே கேட்டது என்று பிறகு நீ சொன்னாய்.

நான் நேரே பெரிய கிராணி வீட்டுக்குத்தான் ஓடினேன்.

"ஐயா, அது இருமல் செடி. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுடுவாங்க. புள்ள பாலில்லாம செத்துடும்."

"சட்டத்துல நான் எப்படிம்மா தலையிடறது? குத்தமில்லன்னா அவங்களே விட்டுடுவாங்க."

நான் அழுதுகொண்டே திரும்பும்போது அவர் மனைவி பின்வாசல் வழியாக ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியும்டி. எங்க வீட்டுலயே அந்தச் செடி இருந்துச்சு, பேரனுக்குக் கொடுப்பேன். நேத்து சாயங்காலம் அவரே புடுங்கி அடுப்புல போட்டுட்டார்" என்றாள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, இன்றைக்கும் அந்த வீட்டைக் கடந்து போனால் பல்லைக் கடிக்கிறேன். அறியாமல் செய்திருந்தால் மன்னித்துத் தொலைக்கலாம். மானம் போய்விடுமே என்று ஒரு தாயை அடிபட விட்டார்.

கடைசியில் யார் போனது தெரியுமா? உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். மாட்டுவண்டி ஓட்டுகிற காத்தமுத்து அண்ணன். ஊரறிந்த கஞ்சாக் குடிக்கி. பெரிய கிராணி கூட்டத்தில் பெயர் சொல்லாமல் திட்டுவதெல்லாம் அவரைத்தான். நான் தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் படியேறினார்.

"இந்தா, இது இருமல் செடி. மோந்து பாருங்க." மேசை மேல் கிடந்த உன் இலையை அள்ளிக் காட்டினார். பிறகு மடியை அவிழ்த்தார். "இதுதான் கஞ்சா. இதையும் மோந்து பாருங்க. நான் பதினஞ்சு வயசுலேருந்து குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ண விடுங்க."

இன்டர்பிரட்டர் இரண்டையும் மோந்து பார்த்துவிட்டு மேலதிகாரிக்கு அப்படியே மாற்றிச் சொன்னானாம். உன்னை வெளியே தள்ளினார்கள். அவரை உள்ளே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் மேசை தட்டிய அத்தனை பேரில், உண்மையைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. சொல்ல வந்தவர், சொன்னால் தனக்கு உதை என்று தெரிந்தே வந்தவர்.

நீ வந்தாய். பிள்ளையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாய். பால் வரவில்லை. அதன் பிறகு நீ எழுந்து நடந்ததே குறைவு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருப்பாய், உதிரம் நிற்கவில்லை. வலியில்கூட, "அந்த அண்ணன விட்டுட்டாங்களா?" என்றுதான் கேட்பாய். விட்டார்கள், கை முறிந்து வந்தார். உன்னைப் பார்க்க வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரக் கூச்சம். "உள்ள வாண்ணே" என்று நீ கூப்பிட்டது மட்டும் அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டது. அடுத்த மாதம் நீ இல்லை. உன் வீட்டுக்காரரும் சயாமிலிருந்து இன்னும் வரவில்லை. வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் எங்கள் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

இதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறேன்? போன ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் மறுபடியும் கூட்டம். வெள்ளைக்காரனுக்கு மனுக் கொடுக்கப் போகிறார்களாம், கஞ்சாவுக்குத் தண்டனையைக் கூட்டச் சொல்லி. நோவுக்காவது அனுமதிக்கலாமே என்று கிள்ளானிலிருந்து வந்த ஒருவர் கேட்டார், சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய தம்பி புண்ணோடு துடிக்கிறானாம். வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்கிறவர்கள் ஒரு பக்கம். அப்போது பெரிய கிராணி எழுந்தார்.

"வேற உதாரணம் எதுக்கு? நம்ம வரிசையிலயே ஒரு பொம்பள, கஞ்சாவால போலீசுக்குப் போயி, கடைசியில உயிரையும் விட்டா. ஒரு கொழந்த அனாதையா நிக்கிது."

உன்னைத்தான் சொல்கிறார்! உன்னைக் கொன்றதும் போதாமல், உன் சாவையும் எடுத்துத் தன் கட்சிக்கு வைத்துக்கொண்டார்.

"அவ கஞ்சாவால சாகலைங்க, உங்களால செத்தா!" என்று கத்தினேன். "உக்காரும்மா", "பொம்பளங்க நடுவுல பேசாதீங்க" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல். உட்காரவில்லை. ஆனால் என் பேச்சு அந்த இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. மனுவில் கையெழுத்துப் போட வரிசையாக நின்றார்கள்.

வெளியே காத்தமுத்து அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "நீங்க என்ன சொல்றீங்கண்ணே, கஞ்சாவ விடலாமா, கூடாதா?" என்று கேட்டேன். "என்னயப் போயி கேக்குறியே தங்கச்சி! சின்னப் பயலுங்க தொடக் கூடாது, அது நெசம். ஆனா யாரு தொட்டாலும் இப்படி மாட்ட அடிக்கிற மாதிரி அடிக்கக் கூடாது" என்றார். இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுவிட்டேன், இதைவிட ஒழுங்கான பேச்சை நான் கேட்கவில்லை. கஞ்சா நல்லதா கெட்டதா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லி யாரை வேண்டுமானாலும் பிடித்துக்கொடுக்கலாம், சண்டுக் கடைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பிடித்துக்கொடுக்கலாம் என்றால், அது செடியின் குற்றமா?

முந்தாநாள் மல்லிகா விளையாடிவிட்டு ஓடிவந்தாள். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். "பெரிம்மா, கஞ்சாக்காரி மவள்னா என்னா?" என்று கேட்டாள். பெரிய கிராணியின் பேரன் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். பிள்ளை அழக்கூட இல்லை, அது ஏதோ விளையாட்டுப் பெயர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கேட்கிறாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"புள்ள ஒன்னு கேக்குதுங்க. எனக்குப் படிப்பில்ல, நீங்கதான் வெவரம் தெரிஞ்சவங்க. நீங்களே சொல்லுங்க."

மல்லிகா கேட்டாள், "தாத்தா, கஞ்சாக்காரி மவள்னா என்னா?"

அவர் அவளைப் பார்த்தார். உன் முகம்தானே அது, அச்சாக. பேப்பரை மடித்தார், எழுந்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்றும் போனேன். இன்றும் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கதவு திறக்கவில்லை. தெருவில் எல்லாரும் என்னைப் பைத்தியம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், பேசட்டும். உன் மகள் கனத்துவிட்டாள், இடுப்பு விட்டுப்போகிறது. இருந்தாலும் நாளைக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு போவேன். "உங்கம்மா இருமலுக்குச் செடி வளத்தா, நான்தான் காட்டிக்கொடுத்தேன்" என்று அந்த மனிதர் அவள் முகத்தைப் பார்த்துத் தன் வாயால் சொல்கிறவரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன்.