அங்கே இன்னும் நேற்றுத்தான்

போன சனிக்கிழமை மளிகைக் கடையில் புது வருடக் காலண்டர் கொடுத்தார்கள். ராகுகாலம், நல்ல நேரமெல்லாம் போட்டு, நாள்தோறும் கிழிக்கிற அதே தடித்த காலண்டர்தான். கடைக்காரர் வழக்கம்போல இரண்டை எடுத்து நீட்டி, "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அந்த யாழ்ப்பாணத்து அக்காவுக்கு" என்றார். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது, அக்கா. அவரிடம் யாரும் சொல்லவில்லை போல. எனக்கும் வாய் வரவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு காருக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன்.

ஆக்லாந்தில், ஒனிஹங்காவில் டயர் கடைக்கு மேலே இருந்த நம் ஆபீஸ் ஞாபகம் வந்தது. இரண்டு மேசை, ஒரு கெட்டில், ஒரு ஜன்னல். முதலாளி குவாத்தமாலாக்காரர். மனைவியின் ஊரென்று ஆக்லாந்துக்குக் குடிவந்தவர், லாரிகளை அங்கேயே விட்டுவிட்டுக் காகித வேலையை மட்டும் இங்கே கொண்டுவந்தார். குவாத்தமாலா நகரத்தில் ஒரே வியாபாரியின் சரக்கை லாரி நிறைய ஏற்றிப் பூட்டினால், மூன்று நாடுகளைத் தாண்டி சான் ஹோசேயில்தான் கதவைத் திறக்க வேண்டும். இடையில் வரும் எல்லைகளுக்கான சுங்கக் காகிதங்களை ஒரு தஞ்சாவூர்க்காரியும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரியும் இங்கே உட்கார்ந்து தயாரித்தோம் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

உங்களுக்கு அந்த வேலை மேல் அப்படி ஒரு ஆசை. பார்த்தே இராத எல்லை ஊர்களின் பெயரெல்லாம் மனப்பாடம். ஒரு வயதான டிரைவர், பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டைப் படமெடுத்து அனுப்புவாரே, அவரிடம் போனில் மொழிபெயர்த்து, "இது காணுமோ உங்களுக்கு?" என்று கேட்பீர்கள். வேலையைப் பாருங்கள் அக்கா என்று நான் நக்கல் அடிப்பேன்.

சுவரில் காலண்டரை மாட்டியதும் நீங்கள்தான். நாம் காலையில் வந்து உட்காரும்போது அங்கே முந்தின நாள் மத்தியானம். அதனால் நம் காலண்டர் எப்போதும் ஒரு நாள் பின்னால் நிற்கும். நம் வாரமும் செவ்வாயில் தொடங்கிச் சனியில் முடியும். எனக்கோ பழைய தேதி தொங்கினால் கை அரிக்கும். எழுந்து போனால் போதும், தலையைத் திருப்பாமலே சொல்வீர்கள்: "கிழிக்காதேயும். அங்க இன்னும் நேற்றுத்தானே."

மகனுடைய கிரிக்கெட் மேட்ச் என்று ஒரு சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. நான் முதல் வேலையாகப் பழைய தாள்களைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். சுவர் சுத்தமாக இருந்ததில் ஒரு திருப்தி வேறு. பிறகு காய்கறி ஏற்றிய குளிர் லாரிக்குக் காகிதம் போடும்போது நிமிர்ந்து பார்த்து, காலண்டரிலிருந்த தேதியை அப்படியே எழுதினேன். அங்கே வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் எல்லைக்குப் போன லாரியிடம், இது நாளைய தேதி, தேதி தப்பிய காகிதம் இன்றைக்கும் செல்லாது, நாளைக்கும் செல்லாது என்றார்கள். மாற்றிக் கொடுக்க வேண்டிய அலுவலகம் அதற்குள் பூட்டியாகிவிட்டது, இனி திங்கட்கிழமைதான். லாரிக்குள் ஏறித் தூங்கி எழுந்து காத்திருந்தவர் உங்களுக்குச் சாப்பாட்டுப் படம் அனுப்புகிற அந்த டிரைவர்தான். குளிர்ப்பெட்டிக்கு டீசல் தீர்ந்து காய்கறி முழுவதும் அழுகியது. வியாபாரி இனி நம் கம்பெனியின் சங்காத்தமே வேண்டாம் என்று விலகிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முதலாளி மாடியேறி வருகிற சத்தம் கேட்டது. நீங்கள் என் மேசைக்குக் குனிந்து மெதுவாகச் சொன்னது ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "நீர் வாய் திறக்கக்கூடாது. உம்மட விசா இந்த வேலையோட கட்டியிருக்கு. எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கு." சனிக்கிழமை வீட்டிலிருந்து நீங்களே தேதி போட்டு அனுப்பியதாக அவரிடம் சொன்னீர்கள். அந்த வாரமே உங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனுகாவ் பக்கம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் உங்களுக்கு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவன்டேல் சந்தையில் பார்ப்போம். கீரைக்கட்டைப் புரட்டிக்கொண்டே அந்த டிரைவர் இப்பவும் சாப்பாட்டுப் படம் அனுப்புகிறாரா என்று கேட்பீர்கள். உங்கள் விரல்களெல்லாம் வெடித்துக் கிடக்கும். இங்கேயே நிரந்தரமாகத் தங்க ரெசிடென்ஸ் வந்ததும் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா என்று நான் சொன்னபோதெல்லாம் சிரித்தீர்கள். ரெசிடென்ஸ் வந்தது. பிறகு வீட்டு மார்ட்கேஜ் வந்தது. பிறகு உங்களுக்கு நோய் வந்தது. வெட்கம் கெட்டவள் நான், ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்றேன்.

மளிகைக் கடைக்குப் போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது காலண்டரை எடுத்துக்கொண்டு ஹில்ஸ்பரோவில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும் என்று பயந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர், தேதி, லாரி, நீங்கள் என்னைத் தடுத்தது. அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும், மன்னித்துவிட்டேன் என்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். என் பாரம் குறைந்தால் போதும் என்றுதான் போயிருக்கிறேன், அக்கா.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அவ பிழை விடேல்லையோ?" என்றார். "நல்ல வேலையைக் கவலையீனத்தால துலைச்சிட்டாய் எண்டு நான் எத்தனை தரம் ஏசினனான். கடைசிவரைக்கும் ஏசினனான். ஒருக்காலும் அவ வாய் திறக்கேல்லை."

நான் இறக்கி வைக்கப் போனதை அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். வாசல்வரை வந்தவர், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகும்படி சொன்னார். நீங்கள் அந்த ஆபீஸில் எப்படி இருப்பீர்கள், என்ன கதைப்பீர்கள் என்று தனக்கு ஒன்றுமே தெரியாதாம். வருகிற ஞாயிறு போகிறேன். அந்தப் பல்லில்லாத டிரைவரிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.