மறுபக்கம் பார்க்கவும்

மார்ச் 3

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

இங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் நான் பாதியில் வெட்டிவிடுகிறேனாம், இனிமேல் கடிதம்தான் என்று உத்தரவு போட்டுவிட்டாய். பஸ் ஓட்டுகிறவனைப் பேனா பிடிக்க வைத்த பெருமை உனக்கே. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற பெண்டாட்டிக்கு வாத்தியாரம்மா என்று நான் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பார்.

விஷயம் இதுதான். படுக்கையறைச் சுவரில் ஒரு டிவி மாட்டலாம் என்று இருக்கிறேன். அக்கா வந்து தங்கியிருக்கிறாள் என்று சொன்னேனா? அவள் வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது. ஹால் டிவி அவள் கைக்குப் போய்விட்டது. டியூட்டி முடிந்து வந்து, காலை நீட்டி ஒரு மேட்ச் பார்க்க எனக்கு வழியில்லை.

மலிவாக இருந்தால் போதும். நல்ல கம்பெனி 32 இஞ்ச் விலைக்கே, பெயர் தெரியாத கம்பெனி 43 இஞ்ச் தருகிறான். எதை வாங்கட்டும்? பொருள் வாங்குவதில் நீதான் கெட்டிக்காரி. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் உன் பீரோ நிற்கிறது, அதை நகர்த்த வேண்டியிருக்கும். சீக்கிரம் எழுது.

உன்
டிரைவர்


மார்ச் 8

அன்புள்ள டிரைவருக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து மேடுபள்ளத்தில் போகிற பஸ் மாதிரி குலுங்கினாலும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். உங்கள் அக்கா வந்திருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும். என்னைக் கேட்காவிட்டாலும் சொல்லியாவது இருக்கலாம். சரி, போகட்டும்.

43 வேண்டாம். கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் நாலு எட்டுகூட இல்லை. அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெரிசு மாட்டினால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 32 போதும். மலிவான டிவியில் நேராக உட்கார்ந்து பார்த்தால்தான் படம் நன்றாக இருக்கும். படுத்துக்கொண்டு பார்த்தால் வெளுத்துப்போகும். அதனால் சாய்த்து மாட்டுகிற மாதிரி வால் மவுண்ட் கேளுங்கள். கடையிலேயே சத்தம் வைத்துப் பாருங்கள், மலிவானதில் பாட்டு கேட்கும், பேச்சுதான் கேட்காது. கெட்டுப்போனால் ஆள் வீட்டுக்கு வருவாரா என்றும் விசாரியுங்கள். பெயர் தெரியாத கம்பெனிக்கு யார் வருவார்கள்?

பீரோவை நகர்த்துவதற்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள்.

மறுபக்கம் பார்க்கவும்.

எதிர்ச் சுவரில் துளை போட வேண்டாம். அதற்குப் பின்னால் குளியலறை. ஹீட்டருக்குப் போகிற குழாய் சுவருக்குள் ஓடுகிறது. பீரோவை அங்கே வைத்ததே அதனால்தான். ஜன்னல் பக்கத்துச் சுவர் நல்லது.

இன்னொன்று. நம் ஊர் ஆஸ்பத்திரியில் என் பழைய இடம் காலியாகிறதாம். விருப்பம் இருந்தால் இருபதாம் தேதிக்குள் சொல்லச் சொல்கிறார் மேலதிகாரி. பதவியில் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். பரவாயில்லை என்று தோன்றுகிறது. இங்கே வேலை முடிந்து அறைக்கு வந்தால் என்னோடு பேச ஆளில்லை. நீங்கள் "வா" என்றால் வந்துவிடுகிறேன். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் எழுதிக்கொடுப்பேன்.

உங்கள்
வாத்தியாரம்மா


மார்ச் 22

வாத்தியாரம்மாவுக்கு,

வீடு குளமாகிக் கிடக்கிறது. சந்தோஷமா?

43 இஞ்சே வாங்கினேன். மாட்ட வந்த ஆள் எதிர்ச் சுவரில் டிரில் போட்டான். இரண்டாவது துளையில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. எங்கே மூடுவது என்று தெரியாமல் நான் ஓட, அக்கா கட்டில்மேல் ஏறி நின்று என்னைத் திட்ட, மெத்தை நனைந்தது, டிவியும் நனைந்தது. தண்ணீர் பட்ட டிவிக்குப் பொறுப்பில்லை என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான்.

எந்தச் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பது உனக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? என் கழுத்தைப் பற்றி எழுத மட்டும் நேரம் இருந்தது. வீட்டை விட்டுப் போனவளுக்கு வீடு எப்படிப் போனால் என்ன!

பீரோவை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்கு வேண்டுமாம். இங்கே சும்மாதானே நின்றது. உன் துணிமணி எல்லாம் மூட்டை கட்டி பால்கனியில் வைத்திருக்கிறேன்.

டிரைவர்


மார்ச் 26

டிரைவர் அவர்களுக்கு,

என் கடிதத்தை எடுங்கள். திருப்புங்கள்.

முதல் வரியே அந்தக் குழாயைப் பற்றித்தான். அதற்குக் கீழே இருப்பதையும் படியுங்கள். படித்தாயிற்றா?

இருபதாம் தேதி வரை வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கூட வேலை செய்கிறவள், "போன் பண்ணிக் கேட்டுடேன்" என்றாள். மாட்டேன் என்றேன். கேட்கத்தான் கேட்டாயிற்றே, இன்னும் எத்தனை தடவை கேட்பது? பதில் இல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். இருபதாம் தேதி மேலதிகாரியிடம் போய், போக விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வந்தது. நின்ற இடத்திலேயே உறையைப் பிரித்தேன். உள்ளே டிவி நனைந்த கதை.

ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை உங்களால்.

பீரோ சும்மா நின்றதா? என் முதல் சம்பளத்தில் வாங்கியது அது. அடித்தட்டில் என் சர்ட்டிபிகேட் அத்தனையும் இருந்தன. அவை மூட்டையில் இருக்கின்றனவா, அக்கா வீட்டில் இருக்கின்றனவா? யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்? செத்துப்போனவள் துணியைத்தான் இப்படி மூட்டை கட்டி வெளியில் வைப்பார்கள்.

இப்படிக்கு,
வீட்டை விட்டுப் போனவள்


மார்ச் 31

வாத்தியாரம்மாவுக்கு,

படித்தேன். 43 வேண்டாம் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது, மடித்து வைத்துவிட்டேன். அதுதான் நடந்தது. ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். குடும்பம் சேருமா பிரியுமா என்கிற விஷயத்தைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே எழுதுகிறவள் உலகத்தில் வேறு யாராவது உண்டா? அதை மேலே எழுதியிருந்தால் நான் டிவியே வாங்கியிருக்க மாட்டேன்.

பதவி உயர்வு என்று நீ அந்த ஊருக்குப் போனதே தப்பு. நான் "போ" என்று சொன்னேன்தான். புருஷன் "போ"ன்னு சொன்னா போயிடறதா? எந்தக் குரலில் சொன்னேன் என்று உனக்குத் தெரியாதா? டிப்போவில் பார்க்கிறவனெல்லாம், "வீட்டுல எப்ப வர்றாங்க?" என்று கேட்கிறான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சர்ட்டிபிகேட் பத்திரமாக என்னிடம் இருக்கிறது. பீரோவைத் திருப்பிக் கேட்டால் அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், வேறு வாங்கிக்கொள்ளலாம். சுவரைப் பூசியாகிவிட்டது. மெத்தை வெயிலில் காய்கிறது. அக்கா சமையலில் ஒருநாள் உப்பு இல்லை, ஒருநாள் உப்பு மட்டும்தான். மேலதிகாரியிடம் திரும்பப் போய் மனசு மாறிவிட்டது என்று சொல். வா.

உன்
டிரைவர்


ஏப்ரல் 10

டிரைவருக்கு,

முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்: நான் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி மேலதிகாரியைப் போய்ப் பார்த்தேன். "இன்னும் பேப்பர் மேல போகலம்மா, வேணும்னா இப்பவே மாத்திக்கலாம்" என்று பேனாவை நீட்டினார். அஞ்சு நிமிஷம் கேட்டு வெளியே வந்தேன். ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்களுக்குப் போட்டிருக்கிற நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். சுவர் இருந்தது, மெத்தை இருந்தது, உப்பு இருந்தது, டிப்போவில் உங்களுக்கு ஆகிற அவமானம் இருந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி தேடினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊசின்னா பயமா, கண்ணு?" என்று கேட்டார்கள். யாரோ, எவரோ. அவர்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. எழுந்து உள்ளே போய், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எந்தக் குரலில் "போ" என்றீர்கள் என்று எனக்குத் தெரியும். ஹால் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் என் பக்கம் திரும்புவீர்கள் என்று நின்றேன். மேட்ச் வந்துவிட்டது.

குழாய்க்குக் கீழேதான் எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன். மேலே எழுதி, நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். கட்டின புருஷனிடம் "வரட்டுமா?" என்று கேட்கப் பயந்து ஒளித்து எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறேன். அதை நினைத்தால் உங்கள்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் அதிகம் வருகிறது.

சர்ட்டிபிகேட்டையும் துணிமூட்டையையும் பார்சலில் போடுங்கள். பீரோ உங்கள் அக்காவிடமே இருக்கட்டும். தண்ணீரை மூடுகிற வால்வு சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது, அக்காவுக்கும் காட்டி வையுங்கள். மற்றதைப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம்.

கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். அடங்குகிற வழியாக இல்லை. அப்படியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நான்