ஐநூறு அகல டயர்

டிசம்பர் 4

யானா ஆற்றுப் பனிக்கட்டி இனி லாரி தாங்குமாம். பத்து நாளில் ஆற்றின்மேல் போகும் குளிர்காலப் பாதை திறந்துவிடும். என் டயர்கள் எல்லாம் மொட்டை. மத்ரோனாவின் டயர் கடைக்குப் போனேன். இந்த வருஷம் யாரோடு போகிறீர்கள் என்றாள். அதைக் கேட்காமல் அவள் டயர் விற்கமாட்டாள். சேர்ந்து போகும் இரண்டு லாரிக்கும் ஒரே அளவு இருந்தால்தான் ஒருவன் ஸ்டெப்னி மற்றவனுக்கு உதவும்.

டயர் வாங்காமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 5

பதினோரு குளிர்காலம் கவ்ரீலோடு போனேன். இருவருக்கும் முந்நூற்றிருபது மில்லிமீட்டர் அகலம். ஒல்லி டயர், புதுப்பனியை அறுத்துக்கொண்டு போய் அடியில் இருக்கும் கெட்டியைப் பிடிக்கும். புதைந்தால் கூட வருபவன் இழுத்துவிடுவான். தனியாகப் போகிறவனுக்கு ஐநூறுதான் சரி. பனிமேல் மிதந்து போகும், யார் தயவும் வேண்டாம்.

போன மார்ச்சில் நடந்ததை இங்கே எழுதவே இல்லை. ஏன்? யார் படிக்கப்போகிறார்கள்?

பனிக்கட்டிக்கு மேல் ஊறி வந்த தண்ணீரில் கவ்ரீலின் லாரி சிக்கிக்கொண்டது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் அவன் விளக்கு தெரியவில்லை என்பதைக் கவனித்தேன். வந்துவிடுவான் என்று ஓட்டினேன். வீட்டுக்குப் போகிற அவசரம் — வீட்டில் யார் காத்திருந்தார்கள், மண்ணாங்கட்டி, ஒரு பூனைகூட இல்லை. அவன் ஒன்பது மணி நேரம் தனியாகக் கிடந்தான். இடது காலில் இரண்டு விரல் குளிரில் போயிற்று.

திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான். திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 9

ரொட்டிக் கடையில் கவ்ரீல். தலையசைத்தான், எனக்கா கடைக்காரிக்கா தெரியவில்லை. சேர்ந்து போகலாமா என்று கேட்டிருக்கலாம். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 10

ஐநூறு வாங்கிவிட்டேன்.

டிசம்பர் 12

மத்ரோனா போன் செய்தாள். நேற்று கவ்ரீல் வந்து, அஃபனாசி என்ன அளவு வாங்கினான் என்று என்னைப் பற்றித்தான் முதலில் கேட்டானாம். ஐநூறு என்றிருக்கிறாள். அப்படியும் பழைய அளவையே எடுத்துக்கொண்டு போனானாம்.

"மாத்திக்கிறீங்களாண்ணே?" என்றாள். எதை வைத்து மாற்ற? ஒல்லி டயர் மாட்டும் பழைய சக்கரங்களை அன்றைக்கே விற்றுத் தள்ளிவிட்டேன். அவசரக் குடுக்கை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன?

ஜனவரி 18

மூன்றாவது நடை. டயர்மேல் ஒரு குறையும் இல்லை. எங்கேயும் புதையவில்லை.

கணவாயில் பாதைக்குப் படையலாக அப்பம் வைத்தேன். முன்பெல்லாம் கவ்ரீல் வைப்பதற்குள் நான் பாதியைத் தின்றுவிடுவேன், அவன் ஏசுவான். இன்று முழுசாக வைத்தேன்.

பிப்ரவரி 11

மைனஸ் ஐம்பத்து மூன்று டிகிரி. நேற்று ஒரு டயர் போய் ஸ்டெப்னி மாட்டியிருந்தேன். இன்று காலை இன்னொன்று, பக்கவாட்டு ரப்பர் கண்ணாடி போல உடைந்துவிட்டது. இந்தப் பாதையில் நிற்பவனைப் பார்த்துவிட்டு யாரும் தாண்டிப் போவதில்லை. நாலு லாரிக்காரர்கள் இறங்கிப் பார்த்தார்கள். நாலு பேரிடமும் ஒல்லி டயர். ஊரிலிருந்து சக்கரம் அனுப்பச் சொல்லி ஒருவரிடம் சேதி கொடுத்தேன்.

ஐந்தாவது வந்தவன் கவ்ரீல்.

சக்கரத்தைப் பார்த்தான். அவன் ஸ்டெப்னியும் பொருந்தாது, இருவருக்கும் தெரியும். என் வண்டியில் ஏறி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி ஹீட்டரிடம் வைத்தான். அந்தக் காலை என்னால் பார்க்க முடியவில்லை.

"நீ கெளம்புடா. டீசல் நெறைய இருக்கு எனக்கு."

அவன் கால்களை ஹீட்டர் பக்கம் இன்னும் நீட்டிக்கொண்டான்.

"அன்னைக்கு ஒன் வெளக்கு தெரியலன்னு தெரிஞ்சேதான்டா போனேன்" என்றேன். சொல்லிவிட்டேன். பதினோரு மாதமாக யாரிடமும் சொல்லாதது.

"அது எனக்குத் தெரியும்" என்றான். பூட்ஸைத் திருப்பி வைத்துவிட்டு, "தனியா ஒக்காந்திருந்தா மனுசன் என்னென்ன நெனப்பான்னும் தெரியும். அதான் போகல. டீயை ஊத்து."

பிப்ரவரி 12

மதியம் சக்கரம் வந்தது. இருவருமாக மாட்டினோம். கவ்ரீல் தன் லாரியில் ஏறிப் போய்விட்டான். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றின் அடுத்த வளைவில் லாரியை நிறுத்திக்கொண்டு நின்றான். நான் பின்னால் வந்து சேர்ந்த பிறகு கிளம்பினான்.